கழற்றிய கண்காட்சியை போனில் பார்ப்பது எப்படி? மாமல்லபுரம் மீன் வலைக்கும் வாஷிங்டனுக்கும் என்ன தொடர்பு?

கண்காட்சி முடிந்தால் ஓவியம் பத்திரமாக கிடங்குக்குப் போகும். ஆனா, ஓர் அறைக்காகவே உருவாக்கிய பிரமாண்ட படைப்பைக் கழற்றிவிட்டால்? அங்கு நின்று பார்த்த அனுபவமும் போய்விடும். அதைக் காப்பாற்றும் முயற்சிதான் 'விர்ச்சுவல் டூர்'.

எந்தக் கண்காட்சி?

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க கலை அருங்காட்சியகத்தின் ரென்விக் கேலரி, 2015 நவம்பரில் 'வொண்டர்' கண்காட்சியுடன் மீண்டும் திறக்கப்பட்டது. 9 கலைஞர்களின் பிரமாண்ட படைப்புகள் இடம்பெற்றன. 2016-ல் கண்காட்சி முடிந்தது. அதன் 360 டிகிரி பதிவு 'வொண்டர் 360' செயலியாக வெளியானது.

எப்படி இயங்குது?

ஒரே இடத்திலிருந்து நாலாபுறமும், மேலும் கீழும் படம் எடுப்பார்கள். மென்பொருள் அவற்றை ஒட்டி, நம்மைச் சுற்றிய உருண்டையாக மாற்றும். நீங்க எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு போனின் கைரோஸ்கோப் சென்சார் கண்டுபிடித்ததும், அந்தப் பக்கம் திரையில் தெரியும்.

மாமல்லபுரம் எங்கே வந்தது?

அங்கு தொங்கிய ராட்சத வலைச் சிற்பத்தின் பெயரில் '1.8' என்ற எண் உண்டு. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தால் ஒரு நாளின் நீளம் 1.8 மைக்ரோ விநாடி குறைந்ததை அது குறிக்கிறது. உருவாக்கியவர் ஜேனட் எக்கல்மன். 1997-ல் மாமல்லபுரம் வந்த இவருக்கு, அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. கடற்கரையில் மீன் வலைகளைப் பார்த்தவர், மீனவர்களுடன் சேர்ந்தே முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார்.

குறை என்ன?

தலைக்கு மேல் விரியும் வலையின் பிரமாண்டம் கையளவு திரையில் முழுசா வராது. பழைய செயலிகள் புது போன்களில் இயங்காமலும் போகலாம். படைப்பைக் காத்தால் மட்டும் போதாது, அதன் பதிவையும் காக்கணும் என்பதே அருங்காட்சியகங்களின் அடுத்த சவால்.