‘எல்லோரும்’ என்பதற்குள் யார்?

‘எல்லோரும் வாருங்கள்’ என்றுதான் தேவாலயங்கள் சொல்கின்றன. பிறகு எதுக்கு ‘தற்பாலினர், திருநர்’ என்று தனியாகச் சொல்லணும் என்கிறார்கள் நண்பர்கள். ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குள் யார் அடங்குவர் என்பதை அதிகாரமே எழுதுகிறது என்பது என் வாசிப்பு.

அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை 1972இல் தற்பாலினரும் புனித மதிப்புடைய மனிதரே என்றது. கூடவே, தற்பாலுறவு கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்றும் தன் சட்டநூலில் எழுதிக்கொண்டது. 1984இல் தற்பாலுறவில் வாழ்வதை வெளிப்படையாகச் சொல்வோர் குருவாகத் தடை வந்தது. அதே ஆண்டில்தான் கீழிருந்து மறுப்பும் இயக்கமானது: சபையார் கூடிப் பேசி, வாக்கெடுத்து, விலக்கப்பட்டோரைப் பெயர்சொல்லி வரவேற்கும் அறிக்கையை ஏற்பது.

பெயர் சொன்னதுமே அடுத்த கேள்விகள் எழும். உட்கார இடம் சரி, கல்யாணம் பண்ணி வைப்பீங்களா? பிரசங்க பீடத்தில் ஏற விடுவீங்களா? விருந்தாளிக்கு வீட்டில் உரிமை கிடையாது என்பதை இக்கேள்விகளே அம்பலப்படுத்துகின்றன.

இம்மோதலில் 2019–2023க்குள் சுமார் கால்வாசி அமெரிக்கச் சபைகள் வெளியேறின. 2024இல் சார்லட் மாநாடு அந்த வாசகத்தையும் தடையையும் நீக்கியது. ஆனாலும் தற்பால் திருமணத்தை நடத்தவும் மறுக்கவும் குருமாருக்கு உரிமை உண்டு. ஆக, சட்டநூல் மௌனமாகிவிட்டது. இனி பேசவேண்டியது ஒவ்வொரு சபையும்தான்.