கல்யாண டி.வி.டி. வீணாகலாமா?

சகோதரிகளே, உங்கள் பீரோவில் கல்யாண டி.வி.டி. இருக்கிறதா? எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீறலோ, ஓரத்தில் நிறம் மாறிய திட்டோ தெரிகிறதா? வீடியோக்காரர் பதிந்து கொடுத்த தட்டில், படம் ஒரு மெல்லிய சாயப் பூச்சில்தான் இருக்கிறது. வெயில், உஷ்ணம், ஈரம் மூன்றும் அதற்கு எதிரி. எங்கள் தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊரில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்!

தட்டு கெட்டால் தாத்தாவின் குரலும் பாட்டியின் சிரிப்பும் அதோடு போச்சு. அதனால் இப்போதே கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றிவிடுங்கள். கடையில் கொடுத்தாலும், காலேஜில் படிக்கும் பிள்ளை செய்தாலும், என்ன அளவில் மாற்றச் சொல்வது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை: தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. அதில் உள்ளதை அப்படியே கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். சாதாரணத் தட்டு 4.7 ஜி.பி.தான். புது லேப்டாப்பில் தட்டுப் போட இடமிருக்காது. தனி டிரைவ் வாங்கி மாட்டலாம்.

மாற்றுவதற்கு ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருள் போதும். கவனிக்க வேண்டியவை:

1. வகை: எம்.பி.4, எச்.264. டி.வி., செல்போன் எல்லாவற்றிலும் ஓடும். எச்.265 இன்னும் இடம் மிச்சப்படுத்தும். ஆனால் பழைய டி.வி.யில் ஓடாமல் போகலாம்.

2. தரம்: ‘ஆர்.எஃப்.’ என்ற எண்ணை 18 முதல் 22-க்குள் வையுங்கள். எண் குறைந்தால் படம் தெளிவு, ஃபைல் பெரிது. எண்ணை ரொம்ப ஏற்றினால் பட்டுப் புடவை ஜரிகை கட்டம் கட்டமாகக் கலைந்துவிடும்.

3. அளவு: நம் நாட்டு டி.வி.டி. பெரும்பாலும் 720 × 576 புள்ளி, நொடிக்கு 25 படம். அப்படியே விடுங்கள். பெரிதாக்கினால் இல்லாத தெளிவு வந்துவிடாது. முகம் அகலமாகவோ ஒடுங்கியோ தெரிந்தால் மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

4. கோடுகள்: ஆட்கள் அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் ‘டீஇன்டர்லேஸ்’ போட வேண்டும்.

5. ஒலி: ஏ.ஏ.சி., 160. நாதஸ்வரத்துக்கு இது போதும்.

முழுசாக மாற்றுமுன் ஒரு நிமிஷம் மாற்றிப் பாருங்கள். எல்லோரும் அட்சதை தூவும் கட்டத்தை எடுங்கள். அந்த அசைவில் படம் கலங்காவிட்டால் மற்ற இடமெல்லாம் நன்றாகவே வரும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த வீடியோவிலிருந்து மாற்றாதீர்கள். அது இரண்டாம் டிகாஷனில் காபி போடுகிற கதை!

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் ஊருக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கடலூரையே புரட்டிப் போட்டது. ஒரே வீட்டில் எத்தனை பிரதி இருந்து என்ன பயன்? ஒன்று நம்மிடம், இன்னொன்று சிதம்பரத்திலோ சென்னையிலோ இருக்கும் மகள் வீட்டில் இருக்கட்டும். தட்டையும் தூக்கிப் போடாமல், உறையில் போட்டு நிழலில் நிறுத்தி வையுங்கள்.