சமையலறையில் ஒரு வாயுக் கணக்கு

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், சென்ற மாதம் ஒரு கெமிஸ்ட்ரி கணக்கோடு வந்தாள். கார் டயரில் காற்று 32 பவுண்டு. வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். பன்வேல் நெடுஞ்சாலையில் ஓடி டயர் 57 டிகிரிக்குச் சூடாகிறது. டயரின் கனஅளவு மாறவில்லையென்றால் இப்போது அழுத்தம் என்ன?

32-ஐ 57-ஆல் பெருக்கி 27-ஆல் வகுத்து, 67½ என்று எழுதியிருந்தாள். "ஃபார்முலா சரிதானேப்பா?" என்று கேட்டாள். ஃபார்முலா சரிதான். ஆனால் அந்த விடைப்படி பார்த்தால், சான்பாடாவில் கிளம்பும் கார்களெல்லாம் நெரூல் தாண்டுவதற்குள் டயர் வெடித்து நிற்க வேண்டும்!

தவறு இரண்டு. செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம். வாயுவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மைனஸ் 273-லிருந்து எண்ணினால்தான் அழுத்தமும் வெப்பமும் ஒரே விகிதத்தில் ஏறும். 1848-ல் கெல்வின் பிரபு சொன்ன அளவுமுறை இதற்குத்தான். ஆக, 27 என்பது 300; 57 என்பது 330. ஏற்றம் பத்தில் ஒரு பங்குதான்.

இரண்டாவது தவறைப் பெரியவர்களும் செய்வோம். காற்றடிப்பவரின் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. பஞ்சரான டயரிலும் காற்று இருக்கிறது, மீட்டரோ பூஜ்யம் காட்டும். எனவே முதலில் 14.7-ஐக் கூட்ட வேண்டும்: 46.7. அதை 1.1-ஆல் பெருக்கினால் 51.4. மறுபடி 14.7-ஐக் கழித்தால் 36.7. விடை ஏறக்குறைய 37 பவுண்டு.

டயரோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் அம்மா அப்போது கேஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தாள். அதையும் கணக்குப் போட்டோம்.

சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. முழுவதும் பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால் ஒரு மோல் 58 கிராம். ஆகவே சுமார் 245 மோல். சாதாரண காற்றழுத்தத்தில், 300 கெல்வினில், ஒரு மோல் வாயு பிடிக்கும் இடம் 0.0821 × 300, அதாவது 24.6 லிட்டர். மொத்தம் 6000 லிட்டர்! சிலிண்டரின் கொள்ளளவோ 33 லிட்டர் சொச்சம். அதற்குள் அத்தனையும் வாயுவாகவே இருந்தால் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் 180 மடங்கு ஆகியிருக்கும். உண்மையில் அவ்வளவு கிடையாது. ஏனெனில் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். திரவத்துக்கு இந்த விதி செல்லாது. கேஸ் தீரும்வரை அடுப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி எரிவதும் இதனால்தான்.

அடுத்த கணக்கில்தான் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஒன்பதடி உயரம் உள்ள சமையலறை. நம்மில் பலர் வீட்டில் இவ்வளவுதான். கனஅளவு 432 கனஅடி, சுமார் 12,200 லிட்டர். காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் கலந்தாலே ஒரு பொறியில் தீப்பற்றும். 2 சதவீதம் என்பது 244 லிட்டர்; 24.6-ஆல் வகுத்தால் 10 மோல், 580 கிராம். முழு சிலிண்டரில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்குதான்!

இதிலும் ஒரு திருத்தம் உண்டு. கேஸ் அறை முழுவதும் சீராகக் கலந்துவிட்டது என்று கொண்டோம். காற்றின் சராசரி மோல் எடை 29. பியூட்டேன் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே கசியும் கேஸ் தரையோடு படியும். தரைமட்டத்தில் ஆபத்துக்கு 580 கிராம்கூட வேண்டியதில்லை. வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யவும்.

குழாய் கேஸ் வரும் வீடுகளில் கதை தலைகீழ். அது பெரும்பாலும் மீத்தேன், மோல் எடை 16. காற்றைவிட லேசானது, கூரையோரம் போய்த் தேங்கும். அந்த வீடுகளில் மேலே உள்ள வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிடாதீர்கள்.