இணைப்பகமும் எண் ஒழுங்கும்

திருவட்டாறு என்னும் எங்கள் ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. கோதையாறும் பறளியாறும் வளைந்து சூழ, நடுவே ஆதிகேசவப் பெருமாள் கோயில் நிற்கிறது. நான் சிறுவனாக இருந்த நாளில் எங்கள் தெருவில் தொலைபேசி வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் தபால் நிலையத்துக்குச் சென்று, 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டுப் பெஞ்சியில் காத்திருக்க வேண்டும். எங்கோ ஓர் இணைப்பகத்தில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் எண்ணைக் கேட்பார், கம்பியை எடுத்துத் துளையிலே செருகுவார், "பேசுங்கள்" என்பார். ஒருவர் பதறிய குரலில், "அம்மா, ஆஸ்பத்திரி, சீக்கிரம்" என்று மட்டும் சொன்னால், எண்ணைச் சொல்லாமலே அவர் புரிந்துகொள்வார்.

இன்று அந்த அம்மையாரின் இடத்தில் ஒரு சிறு கணிப்பொறி இருக்கிறது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விடுதி முதலிய இடங்களின் உள் தொலைபேசிகளையெல்லாம் இணைத்து வைப்பது அதற்குள் இயங்கும் ஒரு மென்பொருளே. அதற்குக் குரலின் பதற்றம் புரியாது. எழுதி வைத்த விதி ஒன்றே அதற்குப் புரியும். அந்த மென்பொருளை நிறுவுவது எப்படி, அதற்கு விதி வகுப்பது எப்படி, அதனைக் கண்காணிப்பது எப்படி என்பவற்றை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் செய்த பிழை ஒன்றையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். உண்மையில், இந்தப் பேச்சுக்குக் காரணமே அந்தப் பிழைதான்.

மனிதரை விலக்கிவிட்டு யந்திரத்தை அமர்த்தும் எண்ணம் பழையது. அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரில் ஈமச் சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வர வேண்டிய அழைப்புகளை இணைப்பகத்தார் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக ஐயுற்றார். அந்த மனக்கசப்பிலே பிறந்ததுதான் தானியங்கி இணைப்பகம் என்று கூறுவர். 1891 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1892 இல் இண்டியானா மாநிலத்து லபோர்ட் என்னும் ஊரில் அது இயங்கத் தொடங்கியது. அவ்வகை இணைப்பகங்களில் விதி என்பது உலோகத்திலே இருந்தது. எண் வட்டைச் சுழற்றினால் ஓர் இரும்புக் கை படிப்படியாக ஏறித் திரும்பி உரிய இடத்தைத் தொடும். 1965 இல் நியூ ஜெர்ஸி மாநிலத்துச் சக்கசுன்னாவில் தொடங்கிய இணைப்பகத்தில் அந்த விதி நினைவகத்திலே எழுதப்பட்ட நிரலாக மாறிற்று. நம் நாட்டில் 1984 இல் தோன்றிய 'சி-டாட்' நிறுவனம், கிராமத்து வெயிலையும் புழுதியையும் குளிர்சாதனம் இல்லாமலே தாங்கக்கூடிய சிறிய மின்னணு இணைப்பகத்தை வடிவமைத்தது. 1986 இல் கர்நாடகத்துக் கிட்டூரில் அது நிறுவப்பட்டது.

அதன்பின் 1999 இல் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தம் சிறு தொழிலுக்கு இணைப்பகம் ஒன்று வாங்கப் பணம் போதாமையால், தாமே அதனை நிரலாக எழுதினார். 'ஆஸ்டெரிஸ்க்' என்று பெயரிட்டு எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று வெளியிட்டார். தொலைபேசிப் பொத்தான்களில் காணும் நட்சத்திரக் குறியின் பெயர் அது. நான் கையாண்டதும் அந்த மென்பொருள்தான்.

நிறுவும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லினக்ஸ் ஏற்றிய ஒரு சாதாரணக் கணிப்பொறி வேண்டும். மூல நிரலை இறக்கி, 'கன்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்னும் மூன்று கட்டளைகளை முறையே தட்டினால், ஒரு மணி நேரத்துக்குள் இணைப்பகம் உயிர்பெற்று நிற்கும். ஆனால் அப்போது அது ஒன்றும் அறியாத இணைப்பகம். எத்தனை தொலைபேசிகள் உண்டு, எந்த எண் யாருக்கு, எந்த அழைப்பு எங்கே செல்ல வேண்டும் என்பவற்றை நாம்தான் எழுதித் தர வேண்டும். தொலைபேசிகளின் பெயரும் கடவுச்சொல்லும் ஒரு கோப்பில். அழைப்பு விதிகள் மற்றொரு கோப்பில்.

இங்கே ஒரு நுட்பத்தை அறிதல் நலம். அழைப்பில் இரண்டு ஓட்டங்கள் உள்ளன. "இன்னாரை அழைக்கிறேன்", "மணி அடிக்கிறது", "எடுத்துவிட்டார்", "வைத்துவிட்டார்" என்னும் செய்திகள் 'சிப்' என்ற நெறியின்படி செல்லும். பேச்சு தனியே வேறு வழியிற் செல்லும். குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதினால் நொடிக்கு 64,000 பிட் ஆகிறது. அதனை நொடிக்கு 50 சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்பும்போது ஒரு திசைக்கு ஏறத்தாழ 80,000 பிட் ஆகிவிடும். செய்தி செல்லும் வழி திறந்திருந்து, பேச்சு செல்லும் வழி அடைபட்டிருந்தால் என்ன நேரும்? மணி அடிக்கும், எடுப்பார்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேளாது. புதிதாக இணைப்பகம் அமைப்போர் அனைவரும் ஒரு நாளாவது இந்த ஊமைத் தொலைபேசியோடு போராடியிருப்பார்கள்.

பேச்சுக்கு 80,000 பிட் என்பது பெரிய அளவன்று. ஆயினும் அதே கம்பியில் ஒருவர் திரைப்படம் ஒன்றை இறக்கத் தொடங்கினால் பேச்சுப் பொட்டலங்கள் பின்தங்கிவிடும். திரைப்படம் சற்றுத் தாமதமாக வந்தால் குறையில்லை. பேச்சு தாமதித்தால் பேச்சே இல்லை. இதற்குரிய தீர்வை விளக்க எங்கள் ஊருக்கருகே உள்ள மாத்தூர்த் தொட்டிப்பாலமே போதும். 1966 இல் கட்டிய அந்தப் பாலம், பறளியாற்றுக்கு மேலே வானளாவிய தூண்களின் மீது, பட்டணங்கால் வாய்க்காலின் நீரைச் சுமந்து செல்கிறது. கீழே ஆற்றில் வெள்ளம் புரண்டாலும் மேலே வாய்க்கால் நீர் தன் அளவில் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். அதுபோலவே, ஒரே கம்பியினுள் பேச்சுக்கெனத் தனித் தொட்டி ஒன்றை வகுத்து, அதற்கு முதலிடம் தருமாறு வலைப்பின்னல் கருவிகளுக்குக் கட்டளையிட வேண்டும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். 2014 இல் எங்கள் வட்டாரத்து விடுதி ஒன்றில் இத்தகைய இணைப்பகத்தை நான் அமைத்தேன். இருபது தொலைபேசிகள். அறைகளுக்கு 101, 102 என்று வரிசையாக எண் கொடுத்தேன். எழுதுவதற்கு மிகவும் எளிது: 1 என்று தொடங்கும் எந்த மூன்றிலக்க எண்ணும் உள்ளே செல்க என்று ஒரே விதி. வெளியே பேச விரும்புவோர் முதலில் 0 அழுத்த வேண்டும். இணைப்பகம் அந்தச் சுழியை நீக்கிவிட்டு எஞ்சிய எண்ணை வெளிக்கம்பிக்கு அனுப்பும். திருவனந்தபுரத்துக்கு 0471 என்றால், விடுதியில் 00471. எல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில், கொட்டும் மழையில், மாணவன் ஒருவனுக்கு மூச்சிரைப்பு முற்றிவிட்டது. விடுதிக் காப்பாளர் தம் அறைத் தொலைபேசியை எடுத்து 108 அழுத்தினார். மணி அடித்தது, எவரும் எடுக்கவில்லை. மீண்டும் அழுத்தினார். மூன்றாம் முறை அழுத்தியபோதுதான், மாடிப்படியின் கீழே பூட்டிக் கிடந்த சாமான் அறையிலிருந்து மணியோசை வருவது அவருக்குக் கேட்டது. 108 நான் அந்த அறைக்குக் கொடுத்த எண். கைப்பேசியை எடுத்துக்கொண்டு மழையில் சாலைவரை ஓடி, அங்கே அலை கிடைத்து, ஆம்புலன்ஸை அழைத்தார். மாணவன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் காலையில் காப்பாளர் என்னிடம் கோபப்படவில்லை. "சாரே, நூத்தெட்டு அடிச்சா சாமான் முறியிலயாக்கும் பெல்லு கேக்குது" என்று மட்டும் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்று என் விதிக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். 101 தீயணைப்பு நிலையத்தின் எண். நான் அதனை அலுவலக அறைக்குக் கொடுத்திருந்தேன். 108 சாமான் அறை. 112 நூலகம், அந்த எண் நாடு முழுவதற்கும் பொதுவான அவசர உதவி எண்ணாகப் பின்னாளில் வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது. மென்பொருளில் குறை ஒன்றும் இல்லை. நான் எழுதியதை அது எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது.

இத்தகைய பிழை நான் ஒருவன் மட்டும் செய்ததன்று. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து மார்ஷல் என்னும் ஊரில், தங்கும் விடுதி அறையொன்றில் காரி ஹண்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள், தனக்குக் கற்பித்தபடி, 911 என்னும் அவசர எண்ணை நான்கு முறை அழுத்தினாள். வெளிக்கம்பிக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பதை அக்குழந்தை அறியாள். அழைப்பு வெளியே போகவில்லை, தாய் உயிரிழந்தாள். 2018 இல் அந்நாட்டில் 'காரி சட்டம்' நிறைவேறியது. பல தொலைபேசிகள் கொண்ட எந்த இணைப்பகத்திலும் முன் எண் எதுவுமின்றி 911 நேரே வெளியே செல்ல வேண்டும். அவ்வாறு அழைக்கும்போது அந்தக் கட்டடத்தில் பொறுப்பிலுள்ள ஒருவருக்கும் தகவல் எட்ட வேண்டும் என்பன அதன் சாரம். ஒரு வரி விதிக்காக ஒரு நாடு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

நான் செய்த திருத்தம் இது. உள் எண்களை 201 முதல் மாற்றினேன். 1 என்று தொடங்கும் உள் எண் ஒன்றுகூட இல்லாதவாறு செய்தேன். 100, 101, 108, 112, குழந்தைகளுக்கான 1098 ஆகியவற்றுக்குத் தனித்தனி விதி எழுதி, சுழியுடன் அழுத்தினாலும் சுழியின்றி அழுத்தினாலும் வெளிக்கம்பிக்கே செல்லுமாறு வைத்தேன். அஞ்சிய மனிதன் இரண்டு வகையிலும் அழுத்துவான் அல்லவா? ஆஸ்டெரிஸ்க் விதிகளை எழுதிய வரிசையிற் பார்ப்பதில்லை. பொதுவான விதியை விடக் குறிப்பான விதிக்கே முதலிடம் தரும் என்பது இங்கே நமக்குத் துணை. வெளிக்கம்பியில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால்? அதற்காக ஒரு கம்பியை அவசர அழைப்புக்கென்றே ஒதுக்கினேன். 108 அழைத்த கணமே வாயிற்காவலர் மேசையிலும் மணி அடிக்கச் செய்தேன், அவர் கதவைத் திறந்து வைக்க வேண்டுமென்பதற்காக. ஒவ்வொரு தொலைபேசியின் அருகிலும் விடுதியின் முழு முகவரியை எழுதி ஒட்டினேன். ஆம்புலன்ஸ்காரர் முதலில் கேட்பது, "எந்த இடம்?" என்றுதான்.

அவசர எண்ணை விளையாட்டாக அழைத்துச் சோதிப்பது தகாது. 'டயல்பிளான் ஷோ' என்ற கட்டளையைக் கொண்டு 108 ஐத் தேடினால், அந்த எண் எந்த விதியில் சிக்கும் என்பதை மென்பொருளே எழுதிக் காட்டும். கூடவே தொலைபேசிக் கருவியையும் பார்க்க வேண்டும். சில கருவிகள் நான்கு இலக்கம் வரும்வரை காத்திருக்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். 108 அழுத்தியவர் சில நொடிகள் வெறும் மௌனத்தைக் கேட்டுக் கலங்குவார்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். பழைய கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் இணைப்பகத்து மின்கலத்திலிருந்து, 48 வோல்ட்டாக, பேச்சு வரும் கம்பியிலேயே வந்தது. ஊர் இருண்டாலும் தொலைபேசி பேசிற்று. இன்றைய கருவிகள் அப்படியல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைத் தாக்கியபோது ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கணிப்பொறி, பொட்டலங்களைப் பிரித்தனுப்பும் 'ஸ்விட்ச்', வெளிக்கம்பிப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் மின்கலத் துணை இருந்தால்தான் தொலைபேசி உண்டு. மூன்றில் ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண். இடி மின்னல் மிகுந்த எங்கள் பகுதியில் வெளிக்கம்பிக்கு மின்னல் காப்பும் நல்ல புவி இணைப்பும் இல்லாமல் எதையும் அமைக்கலாகாது.

கண்காணிப்புக்கென 1988 இல் வகுக்கப்பட்ட 'எஸ்.என்.எம்.பி.' என்னும் நெறி இன்றும் உதவுகிறது. ஒரு கண்காணிப்பு மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் நலம் விசாரிக்கும். மின்கலத்தில் எவ்வளவு மிச்சம், எந்தக் கம்பி அறுந்தது என்பவற்றைக் குறித்து வைக்கும். ஆஸ்டெரிஸ்க்கும் தன் தொலைபேசிகளை இவ்வாறே விசாரித்து, பதில் சொல்லாதவற்றைத் தனியே காட்டும். தொலைபேசி செத்துக் கிடப்பதை அவசர வேளையில் முதன்முதலாக அறிவதைக் காட்டிலும், செவ்வாய்க்கிழமை காலையில் அறிவது நல்லது.

கதவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிப் நெறியின் வழக்கமான வாயில் எண் 5060. இணையத்தில் அது திறந்து கிடந்தால், அதனைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிரல்கள் மிக விரைவில் வந்து சேரும். 201 என்ற தொலைபேசிக்குக் கடவுச்சொல்லும் 201 என்று வைத்திருந்தால், இரவோடிரவாக உங்கள் கணக்கில் யார் யாரோ வெளிநாடுகளுக்குப் பேசிவிடுவார்கள். நீண்ட கடவுச்சொல்லும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் அரணும், வெளிநாட்டு அழைப்பை அடைத்து வைக்கும் விதியும் வேண்டும். ஆனால் அடைக்கும் விதிகளை எழுதிய பிறகு 108 ஐ மறுபடியும் சரிபார்க்க மறவாதீர்கள். பூட்டுப் போடும் ஆர்வத்தில் அந்த வாசலையும் சேர்த்துப் பூட்டியவர்களை நான் அறிவேன்.

அந்த விடுதிக்கு இப்போதும் மாதம் ஒருமுறை செல்கிறேன். ஒவ்வோர் அவசர எண்ணையும் தட்டி விதியைப் பார்க்கிறேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மின்கலம் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கிறேன். காப்பாளர் தேநீர் கொடுத்துவிட்டு, "சாரே, வெளியதானே போகுது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். சாமான் அறையின் எண் இப்போது 208.