வெயிலும் வில்லையும்: விளையாட்டுக் கருங்கண்ணாடிகளின் மாற்று வில்லைகள் பற்றி வன்னியிலிருந்து ஒரு நோக்கு

கருங்கண்ணாடி நம் சமூகத்தில் நெடுங்காலமாக ஓர் அலங்காரப் பொருளாகவே கருதப்பட்டு வந்துள்ளது. மாப்பிள்ளைத் தோழன் அணியலாம். திரைப்பட நாயகன் அணியலாம். வரம்பில் நிற்கும் கமக்காரன் அணிந்தால் ஊர் சிரிக்கும். வெயிலில் மிகுதியாக நிற்பவருக்கே கண்பாதுகாப்பு மிகக் குறைவாகக் கிட்டுவதற்கு இம்மனப்பான்மையும் ஒரு காரணமாகும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் வட அகலக்கோடு 9 பாகையை அண்டி அமைந்தவை. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் இங்கு ஏறத்தாழத் தலைக்கு நேராக நிற்கும். சித்திரைப் புத்தாண்டையொட்டிய துவிச்சக்கரவண்டி ஓட்டமும் மாட்டுவண்டிச் சவாரியும் இவ்வெயிலிலேயே நிகழ்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்களை ஆண்டுக்கணக்கில் ஏற்கும் விழியில், வெண்விழியிலிருந்து கருவிழிமீது சதைப்படலம் படர்கின்றது; கண்புரைக்கும் இக்கதிர்கள் ஒரு காரணி.

கருமையும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதே இங்கு முதன்மையாக மனங்கொள்ளத்தக்கது. கரிய வில்லையின் பின்னே கண்மணி விரிகின்றது. அவ்வில்லை புறஊதாவைத் தடுக்காதாயின், விரிந்த கண்மணியூடாக அக்கதிர்கள் கூடுதலாகவே உட்புகும். தெருவோரத்தில் வாங்கிய கருங்கண்ணாடி வெறுங்கண்ணைவிடத் தீங்காகக் கூடுவது இவ்வாறே. ‘யூவீ 400’ என்ற குறிப்பு 400 நனோமீற்றர் வரையான கதிர்கள் தடுக்கப்படுவதைச் சுட்டும். குறிப்பை மட்டும் நம்பவேண்டியதில்லை. உரிய மானி வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். நிறமற்ற வில்லையும் புறஊதாவை முழுமையாகத் தடுக்க வல்லது என்பதைப் பலர் அறியார்.

நிறச்செறிவைச் சர்வதேச நியமம் 0 முதல் 4 வரை வகுக்கின்றது. மூன்றாம் வகை, ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தையே உள்விடும். வன்னியின் நண்பகலுக்கு அது பொருந்தும். நான்காம் வகை 3 முதல் 8 சதவீதம். அதை அணிந்து வீதியில் வாகனம் ஓட்டலாகாது. அதிகாலையிற் புறப்பட்டு ஏ-9 வீதியில் பயிற்சி செய்யும் ஓட்டவீரருக்கு விடியுமுன் நிறமற்ற வில்லையும் ஒன்பது மணிக்குக் கரிய வில்லையும் தேவை. ஒரு சட்டத்தில் இரு வில்லைகளை மாற்றி மாட்டும் ஏற்பாட்டின் பயன் இதுவே. சாம்பல் நிறம் வண்ணங்களைத் திரிக்காது. கபிலம் மேடுபள்ளத்தைத் தெளிவாக்கும். மஞ்சள் வில்லை இரவுப் பார்வையைக் கூர்மையாக்கும் என்பது வெறும் விளம்பரமே.

நீர்ப்பரப்பின் கூச்சம் வேறுவகையானது. நீரிற் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைத்தளமாக முனைவாக்கம் அடைகின்றது. சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் நிற்கையில் இது உச்சமாகும். முல்லைத்தீவுக் கரையில் அது காலை எட்டரை மணியளவு, கரைவலை இழுக்கும் நேரம். நந்திக்கடலில் தோணி வலிப்பவருக்கும் முனைவாக்க வில்லை உண்மையான உதவி. இத்தகைய இரு வில்லைகளை ஒன்றன்மேலொன்று வைத்து ஒன்றைச் செங்கோணத்துக்குத் திருப்பினால் இருண்டுவிடும், போலியானவை இருளா. விளையாட்டுக்கென ஆக்கப்பட்ட இப்பொருள் தொழிலாளிக்கே கூடுதலாகப் பயன்படுகின்றது. விலையோ அவரை எண்ணி வைக்கப்பட்டதன்று.

ஆகவே கீறல் விழுந்ததும் முழுவதையும் எறியாது வில்லையை மட்டும் மாற்றுவது சிக்கனமானது. அவ்வடிவமைப்பு சந்தையிலிருந்து மறையுமுன், சட்டத்தை வாங்கும்போதே மேலதிக வில்லையையும் வாங்கிவிடுதல் நன்று. உருவம் ஒத்திருப்பது போதாது; வளைவும் ஒக்கவேண்டும். ஒவ்வாத வில்லை சாதாரணமாக அணிகையில் நிற்கும், அடிபடுகையிற் கழன்றுவிடும். சவாரித் திடலிற் தெறிக்கும் கல்லுக்குக் கண்ணாடியைவிடப் பொலிகாபனேற்று உகந்தது. ஆயினும் கிரிக்கெட் வன்பந்துக்கு எந்தக் கருங்கண்ணாடியும் காப்பாகாது.

மாற்றும்போது விளிம்பைப் பிடித்து, சட்டத்தைச் சற்றே வளைத்து, ஒரு முனையைத் தவாளிப்பில் அமர்த்திய பின்னரே மறுமுனையை அழுத்தவேண்டும். எம்முனை முதலில் என்பது சட்டத்துக்குச் சட்டம் வேறுபடும். செம்மண் தூசியைச் சாரத்து முனையால் உலரத் துடைத்தல் வில்லைக்கு உப்புத்தாள் தேய்ப்பதற்கு நிகர். முதலில் நீரூற்றிக் கழுவவேண்டும். தின்னரும் சில நுளம்பு விரட்டிக் களிம்புகளும் பொலிகாபனேற்றை வெடிக்கச் செய்யும்.