விழுந்த பட்டம் எழும்பாவிட்டால்?

பையன் விடும் பட்டம் தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வான்? அம்மா துணி உலர்த்தும் கொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். கொம்பு எட்டாவிட்டால் கொஞ்ச நேரம் அழுவான். பிறகு அப்பாவை நச்சரித்து, மறுநாள் வேறொரு பட்டம் வாங்கிக்கொள்வான். அத்துடன் விஷயம் முடிந்தது.

ஆனால் அந்தப் பட்டம் ஒரு சிறிய அறையின் தரையளவு, அதாவது பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கயிறு கையில் இல்லை, இடுப்பில் மாட்டியிருக்கிறது. நிற்கும் இடமோ மொட்டை மாடி அல்ல; நடுக்கடல். காலுக்கடியில் ஒரு பலகை. இந்த நிலையில் பட்டம் தொப்பென்று தண்ணீரில் விழுந்தால்? கொம்பும் கிடையாது, அப்பாவும் பக்கத்தில் இல்லை.

இதென்ன விபரீத விளையாட்டு என்கிறீர்களா? 'கைட் சர்ஃபிங்' என்று இதற்குப் பெயர். பட்டம் இழுக்க, பலகை மேல் நின்று கடலில் சறுக்கிப் போவது. இராமேசுவரம் பக்கத்திலும் தூத்துக்குடியிலும் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இலங்கையில் கற்பிட்டிக்கு இதற்கென்றே பல தேசத்தாரும் வந்து இறங்குகிறார்கள். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ, "அம்மா, நான் போய்க் கற்றுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? "கூடவே கூடாது" என்பது சுலபமான பதில். விஷயம் தெரிந்து சொல்லும் பதில் அதைவிட நல்லதல்லவா?

காற்றை வண்டியில் பூட்டியவர்கள்

பட்டத்தை வேலை வாங்கும் யோசனை மனிதனுக்கு இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தில் ஜார்ஜ் போகாக் என்ற பள்ளி ஆசிரியர் 1826-ல் குதிரைக்குப் பதில் பட்டங்களைக் கட்டி இழுக்கும் வண்டிக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். 1903-ல் சாமுவேல் கோடி என்பவர் ஒரு சிறு படகில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள கால்வாயைக் கடந்தே போய்விட்டார்.

இவ்வளவு சாமர்த்தியசாலிகளையும் தடுத்து நிறுத்திய கேள்வி ஒன்றுண்டு: நனைந்த பட்டம் எப்படி மீண்டும் எழும்பும்? துணி நீரைக் குடித்துக் கனத்துப் போகும். தட்டையாகத் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் காற்று நுழைய வழியில்லை. பிறகு எங்கே பறப்பது?

பிரான்சில் பிரிட்டனி என்ற கடலோரப் பிரதேசத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். புரூனோ லெகெய்னு, டொமினிக் லெகெய்னு என்று பெயர். பட்டத்தின் முன் விளிம்பில் பருமனான குழாய் ஒன்றைத் தைத்து, அதில் சைக்கிள் டியூபுக்கு அடிப்பது போலக் காற்றடித்தார்கள். குறுக்கே விலா எலும்புகள் மாதிரி சில சிறிய குழாய்கள். காற்றடைத்த குழாய் மூழ்காது. மூன்றாம் பிறை போன்ற அதன் வளைவும் மாறாது. அதனால் தண்ணீரில் விழுந்தாலும் பட்டம் படுத்துவிடாமல், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளியில் காற்று நுழைந்தால் மறுபடி பறக்கும்! 1984 நவம்பரில் இதற்கு உரிமைப் பத்திரம் கேட்டு விண்ணப்பித்தார்கள். உலகம் இதைச் சரியாக மதித்து வாங்கத் தொடங்குவதற்குப் பத்து வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

அமெரிக்காவில் பில் ரோஸ்லர் என்ற விமான இஞ்சினீயரும் அவருடைய மகன் கோரியும் வேறொரு வழி கண்டார்கள். கயிற்றைச் சுருட்டி இழுக்கும் உருளையைக் கைப்பிடியிலேயே வைத்து, விழுந்த பட்டத்தைக் கிட்டே இழுத்து மீண்டும் ஏற்றினார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனாலும் நிலைத்தது என்னவோ சகோதரர்களின் காற்றுக் குழாய்தான்.

காற்றுக்கும் ஒரு ஜன்னல்

விழுந்த பட்டத்தை எழுப்பும் வித்தை புரிய வேண்டுமானால் முதலில் ஒரு சங்கதி தெரியவேண்டும். காற்று உங்கள் முதுகில் வீசும்படி நில்லுங்கள். எதிரே கவிழ்த்து வைத்த கிண்ணத்தில் பாதி இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அந்த அரைக் கிண்ணத்துக்குள்தான் பட்டம் பறக்க முடியும். இதைக் 'காற்று ஜன்னல்' என்கிறார்கள்.

நேர் எதிரே, ஜன்னலின் நடுவில், பட்டம் யானை பலத்தோடு இழுக்கும். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் தலைக்கு மேலேயும் பசு மாதிரி சாதுவாக இருக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு இரண்டு மடங்கல்ல. நாலு மடங்காகும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டில் வரும் விபத்துகளில் பல, 'நடு ஜன்னலில் யானை நிற்கிறது' என்பதை மறந்ததால் வருபவை.

பட்டத்துக்கு நாலு கயிறுகள், ஒவ்வொன்றும் உத்தேசமாக இருபது முதல் இருபத்துநாலு மீட்டர் நீளம். இரண்டு முன் கயிறுகள் முழுப் பாரத்தையும் தாங்கி இடுப்புப் பட்டையில் வந்து சேரும். இரண்டு பின் கயிறுகள் கையிலுள்ள பிடிகோலின் இரு முனைகளிலும் கட்டியிருக்கும். மாட்டு வண்டிக்கு மூக்கணாங்கயிறு போலத் திருப்புவதற்கு இவைதாம்.

எழுப்பும் வித்தை

பட்டம் விழுந்துவிட்டது. முதல் பாடம், பதறக் கூடாது. பிடிகோலைத் தளர விட வேண்டும். கயிறு ஏதாவது கை காலில் சுற்றியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சென்னைவாசிகளுக்கு மாஞ்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கயிற்றில் கண்ணாடித் தூள் கிடையாது. ஆனால் பட்டம் இழுக்கும்போது முறுக்கேறி நிற்கும் கயிறு விரலைத் துண்டித்துவிடக்கூடும். ஆகவே கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது மட்டும் ஒருநாளும் கூடாது.

அடுத்து, காற்று போகும் திசையில் பார்வையைச் செலுத்த வேண்டும். அங்கே பாறையோ, படகோ, குளிப்பவர்களோ இருந்தால் எழுப்பும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டியதுதான்.

வழி சுத்தமாக இருந்தால், பின் கயிறுகளில் ஒன்றைப் பற்றி மெல்ல இழுத்துப் பிடிக்கவேண்டும். முகம் குப்புற விழுந்த பட்டம் நிதானமாகத் திரும்பி, தண்ணீரின் மேலேயே நகர்ந்து நகர்ந்து ஜன்னலின் ஓரத்துக்குப் போகும். அங்கே ஒரு முனை நீரிலும் மறு முனை வானத்திலுமாக, பிறைச் சந்திரனைச் செங்குத்தாக நிறுத்தினாற்போல் நிற்கும். நீர் வழிந்து போகக் கொஞ்ச நேரம் கொடுத்தால், காற்று அடியில் புகுந்து முனையை உரித்தெடுப்பது போல் கிளப்பும். உடனே இழுத்த கயிற்றைத் தளர்த்தி, ஓரத்தோடு ஓரமாக மெல்லத் தலைக்கு மேலே ஏற்றவேண்டும்.

காற்று மந்தமாக இருந்தால் பட்டம் அசையாமல் அடம் பிடிக்கும். அப்போது இரண்டு முன் கயிறுகளையும் சேர்த்து இழுத்து அதை மல்லாக்கப் புரட்டிவிட்டு, பிறகு ஒரு பின் கயிற்றை இழுக்கலாம்.

இதில் பொறுமைசாலிகளே ஜெயிப்பார்கள். அவசரக்காரர் என்ன செய்வார்? ஓரத்துக்குப் போகுமுன் பட்டத்தை வெடுக்கென்று கிளப்புவார். அது நேரே நடு ஜன்னலில், யானை பலத்தோடு எழும்பும். ஆளைத் தண்ணீரிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். தோசை வேகுமுன் திருப்பினால் பிய்ந்து போகிறதல்லவா? இங்கே பிய்வது தோசையல்ல.

விட்டுவிடத் தெரிய வேண்டும்

எழும்பவே இல்லை, அல்லது பட்டம் வெறி பிடித்தாற்போல் இழுக்கிறது. அப்போது என்ன செய்வது? நல்ல ஆசிரியர் பறக்கக் கற்றுக் கொடுக்குமுன் விட்டுவிடக் கற்றுக் கொடுப்பார். மூன்று படிகள். முதலில் பிடிகோலை விடுவது. அதில் அடங்காவிட்டால், இடுப்புக்கு எதிரே உள்ள விடுவிப்பானைத் தள்ளுவது. பட்டம் ஒரே ஒரு கயிற்றில் தொங்கி, பலமிழந்து விழும். அதற்கும் மசியாவிட்டால் அந்தக் கடைசிக் கயிற்றையும் கழற்றிப் பட்டத்தைக் கைகழுவி விடுவது.

ஆரம்ப காலத்தில் இப்படிச் சுலபமாகக் கழற்றும் வசதியில்லாமல் உயிரிழந்தவர்கள் உண்டு. அவர்கள் கற்பித்த பாடத்தால்தான் இந்தச் சாதனம் வந்தது. 2020-ல் ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேசத் தர அமைப்பு, விடுவிப்பானுக்கென்றே 21853 என்ற எண்ணில் ஒரு தரவிதியை வெளியிட்டது. ஆனால் தரவிதி கழற்றாது. கைதான் கழற்ற வேண்டும். பட்டம் விலை உயர்ந்ததாயிற்றே என்று ஒரு விநாடி தயங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. பணம் போனால் சம்பாதிக்கலாம்.

பட்டம் அடங்கிக் கிடக்கிறது, கரை தொலைவில் இருக்கிறது என்றால் அந்தப் பட்டமே தோணியாகும்! அதை அடக்கி வைத்திருக்கும் ஒற்றைக் கயிற்றைப் பிடித்துப் பிடிகோலை அடைந்து, அந்தக் கயிற்றையே முதலில் பல சுற்று பிடிகோலில் சுற்றிக்கொள்ள வேண்டும். பிறகே மற்றக் கயிறுகள். இந்த வரிசை மாறினால் பட்டம் மறுபடி காற்றைப் பிடித்துக்கொள்ளும். பட்டத்தை எட்டியதும் இரண்டு முனைகளையும் வளைத்துப் பிடித்தால் பாய்மரம் மாதிரி காற்று கரைக்குத் தள்ளும். பெரிய குழாயின் காற்றை மட்டும் திறந்துவிடக் கூடாது, மிதப்பதே அதனால்தான். கரை சேர முடியாவிட்டாலும் பட்டத்தை விட்டு நீந்தக் கூடாது. கடலில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும். வர்ணப் பட்டம் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால்? இந்த உபாயமெல்லாம் எதிராகத் திரும்பி, ஆளை ஆழ்கடலுக்குக் கொண்டு போகும். அதனால்தான் கரைக்காற்றில் மீட்புப் படகு இல்லாமல் இறங்கக் கூடாது என்கிறார்கள். நேரே கரையை நோக்கி வீசும் காற்றும் வேண்டாம். அது ஆளைத் தூக்கி மணலிலும் சுவரிலும் மோதும். கரைக்குச் சாய்வாக, கடலிலிருந்து வரும் காற்றே உத்தமம். இடி மேகம் தலைகாட்டினால் அன்றைக்கு விளையாட்டு இல்லை.

கரையில் நிற்பவர்களுக்கு

நீங்கள் பட்டம் விடப் போவதில்லை. குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடத்தான் போகிறீர்கள். அப்போதும் சில விஷயங்களை நினைவில் வையுங்கள். பட்டத்துக்கும் அதை விடுபவருக்கும் நடுவில் குறுக்கே நடக்க வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே நில்லுங்கள். மணலில் கிடக்கும் பட்டம் தூங்குகிறது என்று நம்பிக் குழந்தைகளைத் தொட விடாதீர்கள். ஆளைப் பட்டம் இழுத்துப் போகிறதென்று கயிற்றைப் பிடிக்க ஓடாதீர்கள். உங்கள் கை போய்விடும். கடலில் இருப்பவர் இரு கைகளையும் பக்கவாட்டில் மேலும் கீழும் ஆட்டினால் அது விளையாட்டல்ல, உதவி கேட்கிறார். நம் நாட்டில் கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554.

பெண்கள் பங்கு

இதெல்லாம் ஆண் பிள்ளைகள் சமாசாரம் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்பெயின் தேசத்து கிசெலா புலிதோ என்ற பெண் 2004-ல் உலகப் பட்டம் வென்றபோது அவளுக்கு வயது பத்து! 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டு, மார்செய் கடலில் நடந்தது. பெண்கள் பிரிவில் தங்கம் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜுக்கு. ஆண்கள் பிரிவில் சிங்கப்பூரின் பதினேழு வயது மாக்ஸ் மேடர், தம் நாட்டின் தேசிய தினத்தன்றே வெண்கலம் வாங்கினார்.

இவர்கள் எல்லோருமே ஆயிரம் தடவை விழுந்தவர்கள்தாம். ஆகவே உங்கள் பெண் வந்து அனுமதி கேட்டால், நாலு கேள்வி கேளுங்கள். "உனக்கு நன்றாக நீந்தத் தெரியுமா? அங்கே மீட்புப் படகு இருக்கிறதா? தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் தருகிறார்களா? முதல் நாள் எதைச் சொல்லிக் கொடுப்பார்கள்?"

கடைசிக் கேள்விக்கு, "பட்டத்தைக் கழற்றி விடுவதை, அம்மா" என்று பதில் வந்தால், தாராளமாகப் பெட்டியைக் கட்டிக் கொடுங்கள்.