கூரை போட்டால் வறட்சி வந்துவிடுமா?

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் ஆயர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. பாலைவனமாதலைத் தடுப்பதற்கான மாநாடு ஆகஸ்டில் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் கூடுவதாகத் திட்டம். இதையொட்டி ‘புல்வெளி வறட்சியைத் தாங்கும்’ என்று ஒரு செய்தியும் ‘தாங்காது’ என்று மறு செய்தியும் வர, வாசகர்கள் குழம்பிப்போய் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் களச் சோதனைகள்தான் என்பதால், அந்தச் சோதனைகள் நடக்கும் விதத்தைப் பார்த்தாக வேண்டும்.

புல்வெளியில் சில சதுர மீட்டர் பாத்தி. அதன் மேல் ஒரு சட்டம். சட்டத்தில், நீளவாக்கில் மடித்த ஒளிபுகும் அக்ரிலிக் பட்டைகள் இடைவெளி விட்டு வரிசையாக. பட்டையில் விழும் மழை ஓடி வெளியே போய்விடும்; இடைவெளியில் விழுவது மட்டும் மண்ணுக்கு. பட்டைகளை நெருக்கினால் கடும் வறட்சி, விலக்கினால் மிதமானது. 2002-இல் லாரா யாஜியானும் ஓஸ்வால்டோ சாலாவும் விவரித்த இந்த அமைப்புக்கு மின்சாரம் வேண்டாம், செலவும் குறைவு. புத்திசாலித்தனமான வேலை, மறுப்பதற்கில்லை. இதுபோன்ற கூரைகளை ஆறு கண்டங்களில் 100 இடங்களில் போட்டுப் பார்த்த கூட்டாய்வின் முடிவு 2024-இல் வெளியானது.

சிக்கல் கூரைக்கு வெளியே இருக்கிறது.

நிஜ வறட்சியில் ஒரு வட்டாரமே காய்கிறது. மண்ணில் ஈரம் இருக்கும்வரை வெயிலின் ஆற்றலில் பெரும்பங்கு அதை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் தீர்ந்ததும் அந்த ஆற்றல் காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய வறண்ட காற்று இலையிலிருந்து மேலும் நீரை இழுக்கிறது. மேகமற்ற வானம் வெயிலைக் கூட்டுகிறது. ஒன்றையொன்று தூண்டும் இந்தச் சுழலைச் சில சதுர மீட்டரில் உண்டாக்க முடியாது. கூரைக்கு அடியில் மண் காய்ந்திருக்கும். அதன் மேல் வீசுவதோ பக்கத்து ஈரப் புல்வெளியின் காற்று. கூரை வெயிலையும் கொஞ்சம் மறைக்கிறது. ஓரத்துச் செடிகள் வெளிமண்ணுக்கு வேர்விட்டுத் தண்ணீர் குடித்துவிடும் என்பதால், பாத்தியைச் சுற்றிப் பள்ளம் வெட்டி பிளாஸ்டிக் தாள் இறக்குவோரும் உண்டு. வேரை அப்படித் தடுக்கலாம், காற்றைத் தடுக்க வழியில்லை.

இதனால் கணக்கு எவ்வளவு தவறுகிறது? ஹங்கேரிய ஆய்வாளர் குரோயல்-டூலாய் தலைமையிலான குழு பல ஆய்வுகளைத் திரட்டி 2022-இல் ஒப்பிட்டது. நிஜ வறட்சி தரைக்கு மேலுள்ள தாவரத்தை எவ்வளவு குறைத்ததோ, அதில் ஏறக்குறைய பாதியளவே சோதனை வறட்சி குறைத்திருந்தது. ஆகவே அரசு அறிக்கைகளில் ‘மீள்திறன் மிக்க புல்வெளி’ என்று வந்தால், சில பாத்திகள் சில ஆண்டுகள் கூரைக்கு அடியில் பிழைத்தன என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

சோதனை நீடிக்கும் ஆண்டுக் கணக்கும் முக்கியம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில், சீடார் கிரீக் பாத்திகளுக்குக் கூடுதல் கரியமில வாயு கொடுத்தார்கள். ஒளிச்சேர்க்கை முறையால் புற்கள் சி-3, சி-4 என்று இரு வகை; முதல் 12 ஆண்டுகள் சி-3 புற்கள் செழித்தன, பாடப்புத்தகம் சொன்னபடியே. அடுத்த 8 ஆண்டுகளில் நிலைமை தலைகீழ்: சி-4 புற்கள் முந்தின. 12-ஆம் ஆண்டில் மூட்டை கட்டியிருந்தால் பாடப்புத்தகமே ஜெயித்திருக்கும்!

மற்ற கேள்விகள்:

வெப்பச் சோதனைகளாவது சரியா? செடிகள் முன்கூட்டியே பூப்பதை அவை 8.5 மடங்கு குறைத்துக் காட்டியதாக 2012-இல் ஓர் ஒப்பீடு சொன்னது.

விதைத்து உருவாக்கிய பாத்தி நிஜப் புல்வெளி ஆகுமா? ஜெர்மனியின் யேனா சோதனையில் இயற்கைக்கு ஒவ்வாத பாத்திகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் பெரும்பாலான முடிவுகள் மாறவில்லை.

ஆடு மாடு? பல சோதனைகளில் வேலிக்கு வெளியே.

நம் நீலகிரியில்? கூரையில்லாக் கூண்டுகளால் புல்வெளியைச் சூடேற்றியபோது, மண்ணிலிருந்து வெளியேறும் கரியமில வாயு கூடியது.

அப்படியானால் சோதனைகளே வீணா? இல்லை, எது எதனால் நடக்கிறது என்று பிரித்துக் காட்ட அவற்றை விட்டால் ஆளில்லை.

எதை நம்புவது? கூரைச் சோதனையைக் காட்டி ‘பாதிப்பு இவ்வளவுதான்’ என்று ஓர் அறிக்கை சொன்னால், ‘குறைந்தது இவ்வளவு’ என்று திருத்திப் படியுங்கள்.